ஸ்பீக்கருக்கு முன் அறையைக் கவனியுங்கள்

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் என்னிடம் அதிகம் கேட்கும் கேள்வி, "எத்தனை வாட்ஸ் ஸ்பீக்கர் வாங்கலாம்?" என்பதுதான். சாஃப்ட்வேர் இன்ஜினியர் என்றால் இதெல்லாம் தெரிந்திருக்கும் என்று நம் ஊரில் ஒரு நம்பிக்கை. என் பதில் பலருக்குப் பிடிப்பதில்லை. கம்ப்யூட்டர் இருக்கும் அறையின் நடுவில் நின்று பலமாக ஒருமுறை கை தட்டிப் பாருங்கள். "டங்" என்று ஓசை சுவர்களுக்கிடையே ஓடி மெல்ல அடங்கினால், உங்கள் முதல் வேலை அறையில்தான், கடையில் இல்லை.

கடலூர் பக்கம் இப்பொழுது இத்தகைய அறைகள் நிறைய. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் தாக்கிய பிறகு, அரசுத் திட்டத்திலும் சொந்தச் செலவிலும் கூரை வீடுகள் பல கான்கிரீட் வீடுகளாயின. புயலுக்கு அதுதான் பாதுகாப்பு, மறுக்கவில்லை. ஆனால் கீற்றுக் கூரை ஒலியை விழுங்கிக்கொள்ளும். சிமென்ட் பூச்சும் டைல்ஸ் தரையும் தம்மீது படும் ஒலியில் சுமார் 97 சதவீதத்தைத் திருப்பி அனுப்பிவிடும். 12க்கு 10 அடி அறை, 10 அடி உயரம், உள்ளே பொருட்கள் அதிகம் இல்லை என்றால், கணக்குப்படி ஒலி அடங்க 2 நொடிக்கு மேல் ஆகும். அதற்குள் நாம் நான்கைந்து சொற்களாவது பேசிவிடுகிறோம். எல்லாம் ஒன்றின்மேல் ஒன்று விழுகின்றன.

சிதம்பரத்தில் என் அத்தை, வெளிநாட்டில் இருக்கும் மகனுடன் பேசுவதற்காகவே கம்ப்யூட்டர் வாங்கினார். "கிணத்துக்குள்ளேருந்து பேசற மாதிரி இருக்குடா தம்பி, ஒண்ணும் புரியல" என்றார். கடையில் இன்னும் பெரிய ஸ்பீக்கர் வாங்கச் சொல்லியிருந்தார்கள். வேண்டாம் என்று தடுத்துவிட்டேன். ஹால் மூலையில் இருந்த ஸ்பீக்கரை எடுத்து, அவர் உட்காரும் இடத்திலிருந்து 2 அடிக்குள் மேஜைமேல் வைத்தேன். பரணில் கிடந்த இலவம் பஞ்சு மெத்தையை எதிர்ச்சுவரில் சாய்த்து, தரையில் கனமான ஜமக்காளம் விரித்தேன். அரை மணி நேர வேலை. அன்று இரவு, அவர் "என்னப்பா சொன்னே?" என்று ஒருமுறைகூடக் கேட்கவில்லை. அம்மா பேசுவதும் தெளிவாகக் கேட்கிறது என்று மகன் சொன்னது எனக்கு ஆச்சரியமில்லை. மைக்கும் அதே அறையில்தானே இருக்கிறது!

காரணம் எளிது. ஸ்பீக்கருக்கும் காதுக்கும் உள்ள தூரம் பாதியானால் நேராக வரும் ஒலி 6 டெசிபெல் கூடும். எதிரொலியோ அறை முழுக்க ஏறக்குறைய ஒரே அளவு. எனவே கிட்டே வைத்தால் பேச்சு மேலே வரும். வால்யூமைக் கூட்டினால் இரண்டும் சேர்ந்தே கூடும், பயன் இல்லை. 1895ல் அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் சபீன் என்ற இயற்பியல் ஆசிரியர், பேசிய சொல் 5 நொடிக்கு மேல் அடங்காத ஒரு வகுப்பறையைச் சரிசெய்ய, இருக்கைத் திண்டுகளைக் கொண்டுவந்து அடுக்கி அடுக்கி அளந்தார். நான் மேலே சொன்ன கணக்கு அவருடைய சூத்திரம்தான். அவருக்குத் திண்டு, நமக்கு மெத்தை.

சுவரில் முட்டை அட்டை, தெர்மோகோல் ஒட்டுபவர்களைப் பார்த்திருக்கிறேன். பேச்சு ஒலியை அவை அதிகம் உறிஞ்சுவதில்லை. தீப்பிடித்தால் வேறு ஆபத்து. தென்னை நார் மெத்தை, மடிப்பு மடிப்பாகத் தொங்கும் கனத்த திரை, புத்தகம் நிறைந்த அலமாரி ஆகியவை எவ்வளவோ மேல். கோரைப்பாய் மெலிது, அதனால் பெரிய மாற்றம் வராது.

வாட்ஸ் விஷயத்திற்கு வருவோம். பெட்டியில் பி.எம்.பி.ஓ. என்று ஆயிரக்கணக்கில் போட்டிருந்தால் அதை மறந்துவிட்டு, ஆர்.எம்.எஸ். எவ்வளவு என்று கேளுங்கள். யு.எஸ்.பி.யில் மட்டும் இயங்கும் ஸ்பீக்கர் என்றால் இன்னும் சுலபம். யு.எஸ்.பி. 2.0 போர்ட் தருவது 5 வோல்ட், 500 மில்லி ஆம்பியர்; அதாவது இரண்டரை வாட்ஸ். அதில் இருந்து 100 வாட்ஸ் எப்படித் தொடர்ந்து வரும்? மேஜையில் கிட்டே வைத்துக் கேட்க அந்த இரண்டரை வாட்ஸே போதும் என்பது என் கருத்து.

கடையில் கேட்டுப் பார்க்கும்பொழுது சினிமா பாட்டுப் போடச் சொல்லாதீர்கள், செய்தி வாசிப்பதைப் போடச் சொல்லுங்கள். அங்கே சுற்றிலும் அட்டைப் பெட்டிகள் அடுக்கியிருப்பதால் எதிரொலி குறைவு. எந்த ஸ்பீக்கரும் ஓரளவு நன்றாகவே கேட்கும். ஆகவே, வீட்டில் வைத்துப் பார்த்துவிட்டு ஒரு வாரத்திற்குள் மாற்றித் தருவார்களா என்று கேட்டு, அதைப் பில்லில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.