கூரைக்கு மேல் வரும் கண் யாருடையது?

2025 நவம்பர் 28 ஆம் நாள் 'டித்வா' புயல் இலங்கையின் கிழக்குக் கரையில் ஏறியது. அறுநூறுக்கும் மேற்பட்ட உயிர்களை அது கொண்டுசென்றது. மலையகத்தில் மண் சரிந்தது, வன்னியில் குளங்கள் பெருகின, வீதிகள் அறுந்தன, கூரைகள் சிதைந்தன. டிசம்பர்த் தொடக்கத்தில் அரசாங்கம் நட்டஈட்டுத் திட்டமொன்றை அறிவித்தது. முற்றாக அழிந்த வீட்டுக்கு 50 இலட்சம் ரூபா வரை. பகுதியாகச் சேதமுற்ற வீட்டுக்கு 25 இலட்சம் ரூபா வரை.

அறிவித்தலைக் குறைகூற நாம் வரவில்லை. ஆயினும் 'வரை' என்னும் அந்தச் சிறு சொல்லை வாசகர் கவனிக்கவேண்டும். 25 இலட்சம் வரை என்றால் 25 ஆயிரமும் அதற்குள் அடங்கும். இவ்விரண்டு தொகைகளுக்கும் இடையில் ஒரு குடும்பத்தை நிறுத்துவது எது? சேதத்தை மதிப்பிட வரும் அலுவலர் படிவத்தில் எழுதும் ஒரு வரி. அந்த வரி எவ்வாறு எழுதப்படுகிறது என்பதே இக்கட்டுரையின் பொருள்.

விசுவமடுவைச் சேர்ந்த மூதாட்டி ஒருவர் சட்ட உதவி நாடி எம்மிடம் வந்தார். கணவனை இழந்தவர், பிள்ளைகளும் அருகில் இல்லை. அவருடைய வீட்டுக் கூரையின் பின்புறச் சரிவில் ஓடுகள் பெயர்ந்து, மழைநீர் அறைக்குள் இறங்கிச் சுவரை ஊறவைத்திருந்தது. படிவத்திலோ 'சிறு சேதம்' என்று மட்டுமே கண்டிருந்தது. எப்படி நேர்ந்தது என்று கேட்டோம். "தம்பி, வந்தவர் ஒழுங்கையிலை நிண்டு அண்ணாந்து பாத்திட்டுப் போட்டார். முகட்டுக்கு அங்கால்ப் பக்கம் எப்பிடிக் கிடக்கெண்டு அவருக்கு என்னெண்டு தெரியும்?" என்றார் அவர்.

அந்த அலுவலரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது எமது நோக்கமன்று. ஒரே நாளில் எத்தனையோ வீடுகளைப் பார்க்கவேண்டிய மனிதர் அவர். கையில் ஏணியில்லை. நனைந்த ஓட்டின்மீது ஏறினால் வழுக்கும். அஸ்பெஸ்டஸ் சீற்றின்மீது ஏறினால் அது முறிந்து மனிதனைக் கீழே தள்ளும். முறியும்போது எழும் தூசியோ நுரையீரலுக்கு நஞ்சு. எல்லா வகை அஸ்பெஸ்டஸும் புற்றுநோயை உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனம் கூறிய பின்னரும், எம் நாட்டில் அதைப் படிப்படியாக நிறுத்தும் திட்டம் 2017 டிசம்பரில் கைவிடப்பட்டது. ரஷ்யா எம் தேயிலையைத் தடுத்து நிறுத்தியமையே அதற்குக் காரணம். தேயிலை வர்த்தகத்தைக் காக்கக் குடிமகனின் தலைக்கு மேலிருக்கும் சீற் விலையாகக் கொடுக்கப்பட்டது. அந்தச் சீற்றின்மேல் ஏறும்படி எந்த அலுவலரையும் நாம் வற்புறுத்த முடியாது.

ஆகவே ஒரு யோசனை எழுகிறது. ட்ரோன் எனப்படும் ஆளில்லாச் சிறு பறக்கும் கருவி, வீட்டுக்கு மேலே எழுந்து, சில நிமிடங்களில் கூரையின் எல்லாச் சரிவுகளையும் படமெடுத்து இறங்கிவிடும். பெயர்ந்த ஓடு, வெடித்த முகட்டுச் சீமெந்து, கழன்ற சீற், அடைபட்ட பீலி யாவும் அப்படத்தில் ஐயமறத் தெரியும். எவரும் ஏறவேண்டியதில்லை, எவரும் விழவேண்டியதில்லை. 'சிறு சேதம்' என்று எழுதிய கைக்கும், 'பெருஞ்சேதம்' என்று முறையிடும் வாய்க்கும் நடுவே அப்படம் சாட்சியாய் நிற்கும். உலகின் பல நாடுகளில் காப்புறுதிக் கம்பனிகளும் கட்டட மேற்பார்வையாளரும் இம்முறையை இன்று நாளாந்தம் கையாளுகின்றனர்.

இதை அம்மூதாட்டியிடம் எடுத்துச் சொன்னோம். அவர் முகம் மாறியது. "அந்த வண்டையோ, தம்பி? அதை என்ரை வீட்டுக்கு மேலை விடவேண்டாம்" என்றார்.

வன்னிக்கு வெளியே வாழும் வாசகருக்கு இந்த 'வண்டு' இன்னதென்று விளக்கவேண்டும். போர்க்காலத்தில் ஆளில்லா வேவு விமானத்துக்கு எம்மக்கள் இட்ட பெயர் அது. அதன் இரைச்சல் முதலில் வரும். பின்னாலே எறிகணை வரும் என்பதே அன்றைய அனுபவம். 2009 ஜனவரி 21 ஆம் நாள் உடையார்கட்டு, சுதந்திரபுரம், வள்ளிபுனம் ஆகிய ஊர்கள் அடங்கிய நிலப்பரப்பு பாதுகாப்பு வலயமாக அறிவிக்கப்பட்டது. விசுவமடு மக்களும் பரந்தன் - முல்லைத்தீவு வீதிவழியே கிழக்கு நோக்கி அதற்குள் ஓடினர். அந்த வலயத்தினுள்ளும் எறிகணைகள் வீழ்ந்தன என்பதை நம்பத்தகுந்த குற்றச்சாட்டாக, 2011 இல் வெளிவந்த ஐக்கிய நாடுகள் செயலாளர் நாயகத்தின் நிபுணர் குழு அறிக்கை பதிந்துள்ளது. மேலிருந்து பார்த்த கண் கீழே கிடந்த தறப்பாள் கொட்டில்களைக் காணவில்லையா? கண்டதென்றால் அது யாருக்கு என்ன சொன்னது? இக்கேள்விக்கு இன்றுவரை எந்த நீதிமன்றமும் விடை கேட்கவில்லை. அந்த நிலையில், வானத்திலிருந்து வரும் இரைச்சலை நன்மையின் தூதாக ஏற்றுக்கொள் என்று அம்மூதாட்டிக்கு உபதேசிக்க எமக்கு என்ன உரிமை உண்டு?

'பழைய கதையை மறக்கவேண்டும். கருவிக்குப் பகைமையில்லை' என்று சொல்வாரும் உளர். கருவிக்குப் பகைமையில்லை என்பது மெய்யே. அதை அனுப்பும் கைக்கும், அது கொண்டுவரும் படத்தை வைத்திருக்கும் பெட்டிக்கும் நோக்கம் உண்டு. அந்த நோக்கத்தைச் சட்டத்தால் கட்டவேண்டும் என்பதே எமது வாதம்.

முதலில் சட்டத்தின் நிலையைப் பார்ப்போம். நிலத்துக்கு உரியவனுக்கே அதன் மேலுள்ள வானமும் உரியது என்று பழைய சட்டவாக்கியம் ஒன்று கூறும். ஆகாய விமானம் பிறந்த பின்னர் அவ்வாக்கியம் தளர்ந்தது. இங்கிலாந்தில் பேர்ன்ஸ்டீன் பிரபு என்பவர், தம் வீட்டை விமானத்திலிருந்து படமெடுத்து விற்கவந்த கம்பனிமீது வழக்கிட்டார். 1977 இல் தீர்ப்பளித்த நீதியரசர் கிரிஃபித்ஸ், நிலத்தின் சாதாரண அனுபவிப்புக்கு வேண்டிய உயரம்வரையே உரியவனின் உரிமை செல்லும் என்று கூறி வழக்கைத் தள்ளினார். ஆனால் அத்துடன் அவர் நிற்கவில்லை. ஒருவனுடைய வீட்டை ஓயாது மேலிருந்து கண்காணித்து ஒவ்வொரு அசைவையும் படமெடுப்பது வழக்குக்குரிய தொல்லையாகலாம் என்றும் சுட்டினார். அவர் முன்னிருந்த விமானம் பல நூறு அடி உயரத்தில் ஒருமுறை பறந்து சென்றது. இன்றைய ட்ரோனோ முற்றத்து மாமரத்தின் உயரத்தில், விரும்பிய நேரம் வரை அசையாது நிற்கும்.

இலங்கையின் பொதுச்சட்டமாகிய ரோமன்-டச்சுச் சட்டம், மனிதனின் மாண்புக்கு இழைக்கப்படும் ஊறுக்குப் பரிகாரம் தேடும் உரிமையை அளிக்கிறது. எனினும் எமது அரசியலமைப்பின் அடிப்படை உரிமைகள் அத்தியாயத்தில் அந்தரங்கத்துக்கான உரிமை தனியே எழுதப்படவில்லை. 2010 ஆம் ஆண்டின் 14 ஆம் இலக்க சிவில் விமானச் சேவைச் சட்டத்தின்கீழ் ட்ரோன்களுக்கு விதிகள் உண்டு. அவை முதன்மையாக வானத்தின் பாதுகாப்பைக் கருதியவை. 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறிற்று. 2025 மார்ச்சில் நடைமுறைக்கு வரவிருந்த அதன் முக்கிய பகுதிகளோ தள்ளிவைக்கப்பட்டன. சுருங்கக் கூறின், ட்ரோன் எங்கே பறக்கலாம் என்பதற்கு விதி இருக்கிறது. அது எடுத்த படம் எங்கெல்லாம் செல்லலாம் என்பதற்கு உறுதியான வேலி இல்லை.

வேலியில்லாத படம் எங்கெல்லாம் மேயும் என்பதற்கு உலகம் உதாரணம் தருகிறது. பிரான்சில் வரித் திணைக்களம் வானிலிருந்து எடுத்த படங்களைக் கணினி கொண்டு ஆராய்ந்து, அறிவிக்கப்படாத 20,000க்கு மேற்பட்ட நீச்சற்குளங்களைக் கண்டுபிடித்து வரி விதித்ததை 2022 இல் அறிவித்தது. ஐக்கிய அமெரிக்காவில், மேலிருந்து எடுத்த படத்தில் கூரை பழுதென்று கண்டதாகக் கூறிக் காப்புறுதிக் கம்பனிகள் வீட்டுக்காரரைக் கைவிட்டமை 2024 இல் பெருஞ்சர்ச்சையாயிற்று. அதே ஆண்டில் மிச்சிகன் மாநில உயர் நீதிமன்றத்தின் முன் ஒரு வழக்கு வந்தது. உள்ளூராட்சி ஒன்று பிடியாணையின்றி ட்ரோன் அனுப்பி ஒருவரின் வளவைப் படமெடுத்திருந்தது. அது சட்டவிரோதத் தேடுதலா என்ற வினாவுக்கு விடையளிக்காமலே, அவ்வகைச் சிவில் வழக்கில் அப்படங்களை விலக்கவேண்டியதில்லை என்று மன்று கூறிவிட்டது. ஒரு நோக்கத்துக்காக எடுத்த படமோ, அனுமதியின்றி எடுத்த படமோ, பின்னர் உரியவனுக்கே எதிர்ச்சாட்சியாய் நிற்கலாம் என்பது இவற்றால் பெறப்படும்.

எமது மண்ணில் இந்த அபாயம் இன்னும் கூர்மையானது. விசுவமடு, 1960களில் படித்த வாலிபர் திட்டத்தின்கீழ்க் காடு வெட்டி மிளகாயும் வெங்காயமும் விளைவித்த ஊர். இங்கே பலருடைய கையிலிருப்பது உறுதியன்று. 1935 ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின்கீழ் வழங்கிய அனுமதிப்பத்திரமே. அதையும் போரிலே தொலைத்தவர் பலர். 2025 மார்ச்சில் வட மாகாணத்தின் ஏறத்தாழ 5,900 ஏக்கர் காணிக்கு உரிமை கோருவோர் மூன்று மாதத்துள் முன்வரவேண்டும், இன்றேல் அரசு எடுத்துக்கொள்ளும் என்ற வர்த்தமானி வெளிவந்ததை எவரும் மறந்திருக்கமாட்டார். உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்த பின்னரே அது மீளப்பெறப்பட்டது. அத்தகைய நாட்டில், கூரையைப் பார்க்க எடுத்த படம் வளவின் எல்லையையும், வேலிக்கு அப்பால் நட்ட தென்னங்கன்றையும், அனுமதியின்றி இறக்கிய பத்தியையும் சேர்த்தே காட்டும். அப்படம் வனத் திணைக்களத்தின் மேசைக்கோ படை முகாமின் மேசைக்கோ செல்லாது என்று உறுதி கூறுபவர் யார்?

அப்படியாயின் ட்ரோனை மறுத்துவிடலாமா? மறுப்பது எளிது, மறுத்தால் அம்மூதாட்டியின் படிவத்தில் 'சிறு சேதம்' என்ற வரியே நிலைக்கும். இதே கருவி மக்களுக்குப் பத்திரம் பெற்றுக்கொடுத்த வரலாறும் உண்டு. இந்தியாவில் 2020 ஏப்ரல் 24 ஆம் நாள் தொடங்கிய 'ஸ்வாமித்வா' திட்டம், கிராமக் குடியிருப்புகளை ட்ரோன் கொண்டு அளந்து, வீட்டுக்காரரிடம் சொத்து அட்டையை வழங்குகிறது. வானிலிருந்து எடுத்த படம் கடைசியில் குடிமகனின் கையில் ஒரு கடதாசியாய் வந்து சேர்கிறதா என்பதே எமது அளவுகோல்.

கேளாமல் கொடுக்கும் நன்மையின் கதியையும் நாம் அறிவோம். இந்திய உதவியில், உரிமையாளரே முன்னின்று கட்டிய 550 சதுர அடி வீடுகள், குறைகள் இருப்பினும், எம்மக்களின் வீடுகளாய் நிலைத்தன. அதன் பின்னர் கொழும்பு ஆட்சியாளர் 65,000 உருக்கு வீடுகளை ஆர்சிலர் மிட்டல் கம்பனி மூலம் கொண்டுவர முனைந்தனர். வெயிலுக்கு ஒவ்வாதவை, விலையோ கல்வீட்டினும் அதிகம் என்று எம்மவர் எதிர்த்தனர். கூரைக்குக் கீழே வாழப்போகிறவரைக் கேட்காமல் வகுத்த திட்டம் என்பதே அதன் முதற்பழுது. இம்முறையும் அப்பழுது நேரக்கூடாது.

மறுமுறை அம்மூதாட்டியைச் சந்தித்தபோது இவ்வளவையும் எடுத்துரைத்தோம். நீண்டநேரம் யோசித்துவிட்டு, "என்னைக் கேட்டுப்போட்டு விடட்டும். எடுத்த படத்தை எனக்கும் காட்டட்டும்" என்றார். சட்டக்கல்லூரியில் நாம் கற்ற பல ஏடுகளின் சாரம் அந்த இரண்டு வாக்கியங்களில் இருந்தது. அவற்றையே கோரிக்கைகளாக விரித்து மக்கள்முன் வைக்கிறோம்.

முதலாவது, வீட்டுக்காரரின் எழுத்துமூலச் சம்மதமின்றி எந்த வீட்டுக்கு மேலும் ட்ரோன் எழும்பக்கூடாது. பறக்கும் நாளும் நேரமும் முன்கூட்டியே ஊருக்கு அறிவிக்கப்படவேண்டும். அந்த இரைச்சலைக் கேட்டுப் பதறும் முதியோரும் உள்ளனர் என்பதை அதிகாரிகள் மறக்கலாகாது. சம்மதிக்காதவரின் வீட்டை ஏணி வைத்துப் பார்க்கும் கடமை நீங்கிவிடாது.

இரண்டாவது, இப்பணி படையினரிடம் ஒப்படைக்கப்படக்கூடாது. பிரதேச செயலகமும் பிரதேச சபையும், பயிற்சிபெற்ற எம் இளைஞர்களைக் கொண்டு இதைச் செய்யவேண்டும்.

மூன்றாவது, படத்தின் ஒரு பிரதி அன்றைக்கே வீட்டுக்காரரிடம் சேரவேண்டும். மதிப்பீட்டின் காரணங்கள் தமிழில் எழுதப்படவேண்டும். வடக்கிலும் கிழக்கிலும் தமிழே நிர்வாக மொழி என்பது அரசியலமைப்பின் 22 ஆம் உறுப்புரை. அது எவருடைய கருணையுமன்று. படத்தைத் தர மறுக்கும் அலுவலகத்தை 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டத்தின்கீழ்க் கேள்வி கேட்கலாம்.

நான்காவது, கூரைச் சேதத்துக்காக எடுத்த படம் காணி, வரி, வனம், பாதுகாப்பு ஆகிய வேறெந்தத் தேவைக்கும் பயன்படலாகாது. நட்டஈடு தீர்ந்ததும் அது அழிக்கப்படவேண்டும்.

ஐந்தாவது, படத்தை மட்டும் நம்பித் தீர்ப்பெழுதக்கூடாது. மேலிருந்து பார்க்கும் கண்ணுக்குக் கறையான் அரித்த கைமரமும், உழுத்த சிலாகையும், ஊறிய சுவரும் தெரியமாட்டா. அலுவலர் வீட்டுக்குள்ளும் வரவேண்டும். மாகாண வீடமைப்பு, 13 ஆம் திருத்தத்தின்படி மாகாண சபைக்குரிய விடயம். 2018 ஒக்டோபரில் பதவிக்காலம் முடிந்த வட மாகாண சபைக்குத் தேர்தல் நடத்தப்பட்டிருந்தால், இக்கோரிக்கைகளை நியதிச்சட்டமாக்க எமக்கென்றொரு மன்று இருந்திருக்கும். அந்த வெற்றிடத்தின் விலையையும் இந்த ஒழுகும் கூரைகளிலே காணலாம்.

கிராம அபிவிருத்திச் சங்கங்களும் மாதர் சங்கங்களும் இவ்வைந்தையும் தீர்மானமாக நிறைவேற்றிப் பிரதேச சபைக்கும் அரசாங்க அதிபருக்கும் அனுப்பவேண்டும். புயல் வந்த பின் விதி செய்யப் புறப்பட்டால், விதி வருமுன் அடுத்த மாரி வந்துவிடும். கூரையின் பின்புறச் சரிவை ஒருவரும் பாராமல் விட்ட காலமும், கேளாமலே மேலிருந்து பார்த்த காலமும் எம்மக்களுக்குப் போதும். இனி வருகிறவர் படலையில் நின்று குரல்கொடுத்து, சம்மதம் பெற்றுப் பார்க்கட்டும். பார்த்ததை வீட்டுக்காரரின் கையில் கொடுத்துவிட்டுப் போகட்டும்.