குற்றவாளி தாயல்ல!

"பாமர ஜனங்களுக்குச் சுத்தம் தெரியாது; தாய்மார்களுக்கு அறிவு போதாது; அதனால்தான் குழந்தைகள் வாந்திபேதியில் சாகின்றன." மேடைக்கு மேடை இந்த உபதேசத்தைக் கேட்டு வருகிறோம். கேட்டுக் கேட்டு நம் தாய்மார்களே இதை நம்பத் தொடங்கிவிட்டார்கள். குழந்தையைப் பறிகொடுத்தவள், "என் கவனக் குறைவு" என்று தன் தலையிலேயே பழியைப் போட்டுக்கொண்டு அழுகிறாள்.

இது பச்சைப் பொய்! நான் நேரில் கண்டதைச் சொல்கிறேன்.

2024 கோடையில் ஒரு நாள். களை எடுக்கப் போகும் ஒரு சகோதரி. அவளுடைய பத்து மாதக் குழந்தைக்குக் காலையிலிருந்து பேதி. அவள் பூசாரியைத் தேடி ஓடவில்லை; தொக்கம் எடுப்பவரிடமும் போகவில்லை. அரை நாள் கூலியை விட்டுவிட்டுக் கடைத்தெருவுக்குப் போய், மருந்துக் கடையில் "ஓ.ஆர்.எஸ். கொடுங்கள்" என்று வாயாரக் கேட்டாள். படித்தவன் கேட்பதைப் போலவே சரியாகக் கேட்டாள். கடைக்காரர் கொடுத்தது என்ன? ஆரஞ்சு ருசியில், உறிஞ்சு குழலோடு கூடிய ஒரு அட்டைப் பெட்டி. அட்டையில் ஓ.ஆர்.எஸ். என்று பெரிதாகப் போட்டிருந்தது. உள்ளே இருந்தது சர்க்கரைப் பானம்.

சாயங்காலத்திற்குள் குழந்தையின் கண் குழி விழுந்துவிட்டது. உச்சிக்குழி உள்வாங்கிவிட்டது. ஆட்டோவில் போட்டுக்கொண்டு சர்க்கார் ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். நல்ல வேளை, பிழைத்தது.

கேட்டவள் சரியாகக் கேட்டாள். விற்றவன் பொய்ச் சரக்கை விற்றான். இதில் அறியாமை யாருடையது?

பேதி எப்படிக் கொல்கிறது என்பதைத் தெரிந்துகொண்டால் இந்த மோசடியின் ஆழம் புரியும். பேதியாகும் குழந்தையின் உடம்பிலிருந்து நீரும் உப்பும் வெளியேறிக்கொண்டே இருக்கின்றன. அந்த வறட்சிதான் பெரும்பாலும் உயிரைக் குடிக்கிறது. வெறும் தண்ணீர் மட்டும் போதாது; போன உப்பு திரும்பாது. உப்பும் சர்க்கரையும் தக்க அளவில் சேர்ந்தால், சர்க்கரையோடு உப்பும், உப்போடு நீரும் குடல் சுவர் வழியே உடம்புக்குள் ஏறும். பேதி நடக்கும்போதே இது நடக்கும். ஆனால் சர்க்கரை மிஞ்சினால் காரியம் தலைகீழ்! அது உடம்பிலுள்ள நீரையும் குடலுக்குள் இழுத்துப் பேதியை அதிகமாக்கும். உலக சுகாதார ஸ்தாபனத்தின் கணக்குப்படி ஒரு லிட்டருக்குக் குளுகோஸ் 13.5 கிராம்தான், சமையல் உப்பு 2.6 கிராம். பெட்டிப் பானங்களிலோ சர்க்கரை பல மடங்கு, உப்பு போதாது.

இந்த எளிய மருந்து மாளிகையில் பிறந்ததல்ல. 1971இல் வங்கதேச யுத்தத்தின்போது லட்சக்கணக்கான அகதிகள் எல்லை தாண்டி வந்தார்கள். மேற்கு வங்கத்தின் பன்காவ் ஊரில் காலரா பரவியது. நரம்பில் ஏற்றும் சலைன் தீர்ந்துபோயிற்று. டாக்டர் திலீப் மகலனபிஸ் உப்பு, சோடா உப்பு, குளுகோஸ் மூன்றையும் கலந்து பீப்பாய்களில் நிரப்பி வைத்தார். நோயாளிகளுக்கு அதைக் குடிக்கக் கொடுத்தவர்கள் யார்? கூட இருந்த தாயும் தகப்பனும் உறவினருமே! நூற்றுக்கு 30 பேர்வரை செத்துக்கொண்டிருந்த நிலை மாறி, அந்த முகாமில் சாவு நூற்றுக்கு 4 பேருக்கும் கீழே இறங்கியது. ஏழைத் தாயின் கையால் உயிரைக் காக்க முடியும் என்பதை உலகம் அன்று கண்டது.

அந்தப் பெயரைத்தான் பானக் கம்பெனிகள் அட்டையில் ஒட்டிக் காசாக்கின. ஹைதராபாத் குழந்தை வைத்தியர் சிவரஞ்சனி சந்தோஷ் எட்டு வருஷ காலம் இதை எதிர்த்துப் போராடினார். மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் என்ன செய்தது? 2022 ஏப்ரலில் தடை போட்டது. அதே வருஷம் ஜூலையில், "இது உலக சுகாதார ஸ்தாபனம் சிபாரிசு செய்த கலவை அல்ல" என்று ஒரு வரி அச்சடித்தால் போதும் என்று கதவைத் திறந்துவிட்டது! களத்து மேட்டிலிருந்து ஓடி வரும் தாய், அழும் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு, அட்டையின் பொடி எழுத்தைப் படிக்க வேண்டுமாம்! கடைசியில் 2025 அக்டோபரில்தான் அந்த அனுமதி ரத்தாயிற்று. இடைப்பட்ட மூன்று வருஷத்திற்கு யார் பதில் சொல்வது?

தாய்மார்களே, தோழர்களே! இதை வெட்டி வீட்டுச் சுவரில் ஒட்டி வையுங்கள்.

பேதி தொடங்கியதுமே ஓ.ஆர்.எஸ். தூள் கொடுக்கத் தொடங்குங்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் அது இலவசம். உறையில் எத்தனை தண்ணீர் என்று போட்டிருக்கிறதோ, அத்தனை தண்ணீரில் முழுத் தூளையும் கரையுங்கள். கொதிக்க வைத்து ஆறிய நீர் நல்லது. கரைத்ததை ஒரு நாளுக்கு மேல் வைக்காதீர்கள்.

தூள் கிடைக்கும்வரை, ஒரு லிட்டர் நீரில் தலை தட்டிய 6 டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. கண்ணீரைவிட உப்புக் கரித்தால் கொட்டிவிட்டு வேறு கரையுங்கள்.

ஒவ்வொரு முறை பேதியான பிறகும், இரண்டு வயதுக்குக் கீழே 50 முதல் 100 மில்லி. அதற்கு மேல் 100 முதல் 200 மில்லி. கரண்டி கரண்டியாகக் கொடுங்கள். வாந்தி எடுத்தால் பத்து நிமிஷம் பொறுத்து, இன்னும் மெதுவாகக் கொடுங்கள்.

தாய்ப்பாலை நிறுத்தாதீர்கள். கஞ்சியும் சோறும் உண்ணும் குழந்தையைப் பட்டினி போடாதீர்கள். துத்தநாக மாத்திரையைக் கேட்டு வாங்கி, பேதி நின்ற பிறகும் 14 நாள் பூர்த்தியாகக் கொடுங்கள். பேதியைக் கட்டும் மாத்திரையை நீங்களாக வாங்கிக் கொடுக்கவே கூடாது.

கண் குழி விழுந்தால், அழுதும் கண்ணீர் வராவிட்டால், வயிற்றுத் தோலைக் கிள்ளி விட்டால் மெதுவாகத் திரும்பினால், குடிக்க முடியாமல் துவண்டால், மூத்திரம் நின்றால், மலத்தில் ரத்தம் கண்டால் ஒரு நிமிஷமும் தாமதிக்காமல் ஆஸ்பத்திரி! வழியிலும் கரைசலைக் கொடுத்துக்கொண்டே போங்கள். இரண்டு மாதத்திற்குட்பட்ட சிசு என்றால் எந்த அடையாளத்திற்கும் காத்திருக்க வேண்டாம். உச்சிக்குழி விழுவது தோஷமல்ல. உடம்பில் நீர் வற்றியதன் அடையாளம்.

வீட்டில் செய்ய வேண்டியது இது. வீட்டுக்கு வெளியே செய்ய வேண்டியதும் இருக்கிறது. சாக்கடை கலந்த குழாய்த் தண்ணீரைக் கரண்டியால் திருத்த முடியாது. நல்ல குடிநீர் வேண்டும். ஒவ்வொரு அங்கன்வாடியிலும் துணை சுகாதார நிலையத்திலும் தூளும் துத்தநாக மாத்திரையும் வருஷம் முழுவதும் தீராமல் இருக்க வேண்டும். "ஸ்டாக் இல்லை" என்று சொன்னால் தனியாகத் திரும்பி வராதீர்கள். பத்துப் பேராகப் போய், எழுதிக் கொடுத்துக் கேளுங்கள். கடையில் பழைய பெட்டியை நீட்டினால் வாங்க மறுத்து, பக்கத்தில் நிற்பவருக்கும் சொல்லுங்கள்.

ஒரு கைப்பிடித் தூளில் காப்பாற்றக்கூடிய குழந்தை செத்தால் அது விதியல்ல. இனித் தாயைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்த விடோம். நிற்க வேண்டியவர்களை நிறுத்துவோம்!