காலையில் சார், சாயங்காலம் அண்ணாச்சி

கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் இருக்கும்போது படியுங்கள்.

எங்கள் ஊர் ஆரம்பப் பள்ளியில் 37 வருஷம் வாத்தியாராக இருந்தவர், அதைவிடக் கூடுதல் காலம் மேலத்தெருவில் பலசரக்குக் கடையில் உட்கார்ந்திருந்தவர், எங்கள் சார், போன மாதம் காலமானார். வயது 93. பேர் போடவில்லை, அவருக்கு அதெல்லாம் பிடிக்காது. எங்கள் ஊர்க்காரர்களுக்குச் சொல்லாமலே தெரியும்.

பழைய மாணவர்கள் வாட்ஸ்அப் குழுவில் இரண்டு நாள் ஒரே இரங்கல். 'கல்வித் தந்தை', 'ஏழைகளின் தெய்வம்' என்று ஆளாளுக்கு எழுதினார்கள். நடுவில் முப்பது வயசுக்குள் இருக்கிற ஒரு தம்பி கேட்டான்: "சம்பளம் வாங்குற வாத்தியார் கடை வைக்கலாமா? அப்போ யாரும் கேக்கலையா?" அவ்வளவுதான், அவனை வாங்கு வாங்கென்று வாங்கிவிட்டார்கள். அவன் கேட்டதில் எனக்குத் தப்பு தெரியவில்லை. திட்டினவர்களில் ஒருவர்கூடப் பதில் சொல்லவில்லை என்பதுதான் என் வருத்தம். எனக்குத் தெரிந்த பதிலை எழுதுகிறேன்.

விதியை மட்டும் பார்த்தால் கூடாதுதான். அதனால் கடை அவர் வீட்டம்மா பேரில் இருந்தது. பகலில் அந்த அம்மாவும் சாருடைய தகப்பனாரும் பார்த்துக்கொள்வார்கள். சாயங்காலம் மணி அடித்துப் பள்ளியைப் பூட்டிய பிறகு சார் சட்டையைக் கழற்றிவிட்டு, துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு தராசுக்குப் பின்னால் உட்காருவார். காலையில் 'சார்' என்று கும்பிட்ட அதே ஆட்கள் சாயங்காலம் "அண்ணாச்சி, ரெண்டு பலம் புளி" என்பார்கள். பிள்ளைகள் நாங்கள் மட்டும் கடையிலும் 'சார்'தான்.

ஏன் கடை? அவர் எட்டாவது பொதுத்தேர்வு முடித்துவிட்டு ஆதாரப் பயிற்சிப் பள்ளியில் படித்து, 1952-இல் வேலைக்கு வந்த ஹையர் கிரேடு வாத்தியார். வாத்தியார்களிலேயே கடைசிப் படி. உதவி பெறும் பள்ளி வேறு. அந்தக் காலத்துப் பல உதவி பெறும் பள்ளிகளில் கையெழுத்துப் போடுகிற தொகை ஒன்று, கையில் வருகிற தொகை ஒன்று. அதுவும் எந்தத் தேதியில் வரும் என்று நிச்சயமில்லை. 1973-இல் தனியார் பள்ளிகளை ஒழுங்குபடுத்தச் சட்டம் வந்தது, போகப் போகச் சம்பளமும் வங்கி வழியாக வர ஆரம்பித்தது. அதற்கு முந்திய இருபது வருஷம் அந்தக் குடும்பத்துக்குக் கடைதான் சோறு போட்டது. 'வாத்தியாருக்கு எதுக்கு யாவாரம்' என்று பேசினவர்கள் அப்போதும் இருந்தார்கள். அவர்களும் அந்தக் கடையில்தான் கடன் வைத்திருந்தார்கள் என்பது தனிக்கதை.

கடையால் வகுப்புக்கு ஒரு லாபம் இருந்தது. 1957 ஏப்ரல் 1-ஆம் தேதி நயா பைசா வந்தபோது ஊரே குழம்பிப் போனதாம். பதினாறு அணா ரூபாய் போய் நூறு பைசா ரூபாய். ஒரு அணாவுக்கு ஆறேகால் பைசா என்று வருகிறது, கால் பைசாவை யார் கொடுப்பது? ஒரு அணாவுக்கு 6, இரண்டுக்கு 12, மூன்றுக்கு 19, நாலுக்கு 25 என்று அரசாங்கம் கணக்குச் சொன்னது. நாலு தடவை ஒவ்வொரு அணாவுக்குச் சாமான் வாங்கினால் 24 பைசா, ஒரே தடவையாக வாங்கினால் 25. சில கடைகளில் அணாவுக்கு 7 பைசா வாங்கி ஏழைகளை ஏய்த்தார்கள். சார் இதை அப்படியே ஐந்தாம் வகுப்புக்குக் கணக்காகப் போட்டுவிட்டார். என் பெரியக்கா அந்த வகுப்பு. "எந்தக் கடையில எவ்வளவு வாங்குறான்னு பாத்துட்டு வாங்கலே" என்று பிள்ளைகளை அனுப்பினாராம். ஏழு பைசா வாங்கினவர்கள் ஒரு வாரத்தில் ஆறுக்கு இறங்கினார்கள் என்று அக்கா இன்றைக்கும் சொல்லிச் சிரிக்கும்.

நான் படித்தபோது கிலோ வந்து வருஷக்கணக்காகிவிட்டது. ஆனாலும் ஆச்சிமார் பலம், வீசை என்றுதான் கேட்பார்கள். ஒரு பலம் ஏறக்குறைய 35 கிராம், நாற்பது பலம் ஒரு வீசை. சார் கரும்பலகையில் எழுதமாட்டார், வாயால்தான் கேட்பார். தப்பாகச் சொன்னால் புளிய விளார். அதையும் சொல்லத்தான் வேண்டும். நன்றாக அடிப்பார். இப்போது கல்வி உரிமைச் சட்டம் அதைத் தடை செய்திருக்கிறது, நல்லது. 'அவர் அடித்ததால்தான் நான் ஆளானேன்' என்று குழுவில் எழுதினவர்களுக்கு ஒன்று கேட்கிறேன்: அடி தாங்காமல் மூன்றாம் வகுப்போடு நின்றவர்கள் அந்தக் குழுவில் இல்லையே, அவர்களிடம் யார் கேட்பது?

இனி முக்கியமான விஷயம்.

எங்கள் பக்கம் மழையை நம்பின கரிசல் காடு. பருத்தியும் மிளகாயும் வீடு வந்தால்தான் கையில் காசு. நடுவில் ஏழெட்டு மாசம் பற்றுதான். கோவில்பட்டி, சாத்தூர், சிவகாசி வட்டாரத்தில் தீப்பெட்டி ஆபீஸ் பெருகினபோது அந்த ஏழெட்டு மாசத்துக்கு ஒரு வழி கிடைத்தது. ஏஜெண்ட் வந்து வீட்டில் முன்பணம் கொடுப்பான். மறுநாள் விடியுமுன் கம்பெனி வண்டி வந்து நிற்கும். எட்டு வயசு, பத்து வயசுப் பிள்ளைகள், முக்கால்வாசி பொம்பளைப் பிள்ளைகள், தூக்கச் சடவோடு ஏறிப் போவார்கள். கட்டை அடுக்க, பெட்டி ஒட்ட. குழந்தைத் தொழிலாளர் சட்டம் 1986-இல் வந்தது. வந்த பிறகும் வண்டி வந்தது.

ஒரு பிள்ளை நின்றால் வருகைப் பதிவேட்டில் பார்த்துத்தான் எங்களுக்குத் தெரியும். சாருக்கு அதற்கு முந்தியே தெரியும். படிக்கணக்கில் அரிசி வாங்குகிற வீடு உழக்குக் கணக்குக்கு இறங்கினால் அடுத்த வாரம் பிள்ளை வண்டி ஏறும் என்பது அவர் கணக்கு. அந்த அம்மாவைக் கடையில் நிறுத்தி, "ஏஜெண்ட்டுகிட்ட துட்டு வாங்காதம்மா. வத்தல் வர்ற வரைக்கும் இங்கனயே எழுதிக்கோ. புள்ள நாளைக்குப் பள்ளிக்கூடம் வரணும்" என்பார். பிள்ளை வந்தால் பற்று உண்டு. வராவிட்டால் நோட்டை மூடிவிடுவார்.

இது சரியா? கல்வித் தந்தை என்று எழுதுகிறவர்கள் இந்த இடத்தைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். பசிக்கிற வீட்டுக்கு நிபந்தனை போடுவது சாதாரணக் காரியம் இல்லை. என் தெருவில் ஒரு அம்மா கடைவாசலில் நின்று, "உம்ம படிப்பு என் புள்ளைக்கு ஒல வைக்குமா அண்ணாச்சி?" என்று கேட்டதை என் காதால் கேட்டிருக்கிறேன். சார் ஒன்றும் பேசவில்லை. அன்றைக்கு அரிசியும் கொடுக்கவில்லை. அந்தப் பிள்ளை வண்டியேறிப் போனது, போனதுதான். இன்னொரு பக்கம், அந்தப் பற்றால் எட்டாவது வரைக்கும் படித்து நர்ஸாக, சத்துணவு அமைப்பாளராக, என்னைப் போல டீச்சர் டிரெயினிங் முடித்து வாத்தியாராக ஆனவர்களும் இருக்கிறோம். இரண்டையும் வைத்துப் பார்த்தால் அவர் செய்ததில் நியாயம்தான் கூட என்பது என் முடிவு. ஏஜெண்ட்டும் நிபந்தனையோடுதான் பணம் கொடுத்தான். அந்தப் பணத்தைத் திருப்ப முடியாத வீட்டுப் பிள்ளை வருஷக்கணக்கில் கட்டை அடுக்கியது. சாரிடம் பாக்கி வைத்த வீட்டுப் பிள்ளை வாய்ப்பாடு சொன்னது. ஆனால் அந்த அம்மா கேட்ட கேள்விக்கு என்னிடமும் பதில் இல்லை.

அவரிடம் இரண்டு ஒழுங்கு உண்டு. வகுப்பில் பாக்கியைப் பற்றி ஒரு வார்த்தை வராது. "உங்கப்பனை வரச் சொல்லுல" என்றுகூடச் சொல்லமாட்டார், அதில் கடன் வாடை அடிக்கும் என்று. இன்னொன்று, கடையில் உப்பு முதல் கற்பூரம் வரை எல்லாம் இருக்கும். நோட்டு, பென்சில், சிலேட்டுக்குச்சி மட்டும் இருக்காது. நோட்டு வாங்க நாங்கள் பஸ் ஸ்டாண்டு வரை நடந்தோம். வாத்தியார் தன் கடையில் வாங்கச் சொன்னார் என்ற பேச்சு வந்துவிடக் கூடாது என்று நல்ல யாவாரத்தை விட்டுக்கொடுத்தார். தம்பியின் கேள்விக்கு என் பதில் இதில் இருக்கிறது. கடை வைத்திருந்தாரா என்பதைவிட, கடை பள்ளிக்கூடத்துக்குள் வந்ததா என்பதைத்தான் கேட்க வேண்டும்.

இன்றைக்கு டியூசன் எடுக்கக் கூடாது என்று 2009 சட்டத்தின் 28-ஆம் பிரிவே சொல்கிறது. டியூசனும் நடக்கிறது, சீட்டும் நடக்கிறது, மனை விற்பனையும் நடக்கிறது. பேர் சொல்ல வேண்டாம், எல்லோருக்கும் தெரியும். அதைவிட எனக்குப் பெரிதாகப் படுவது வேறு. வாத்தியார்கள் நகரத்தில் குடியிருந்து, ஒன்பது மணிக்கு வந்து நாலரைக்கு வண்டியை எடுக்கிறார்கள். அவரவர் பிள்ளை படிப்பு, வீட்டுக்காரர் வேலை என்று காரணம் உண்டு, குறை சொல்லவில்லை. ஆனால் எந்த வீட்டில் அடுப்பு எரியவில்லை என்று தெரியாதவர், செயலியில் வருகைப்பதிவு போட்டு என்ன கண்டுபிடிப்பார்? வாத்தியார் பள்ளிக்கூடம் இருக்கிற ஊரில் குடியிருக்க வேண்டும் என்பது என் கட்சி. கடை வேண்டாம், தெருவில் நடமாட்டமாவது இருக்கட்டும்.

சாருக்கு இன்னொரு பக்கமும் உண்டு. அந்தக் காலத்தில் சேரியிலிருந்து வருகிறவர்கள் காசைத் தரையில் வைக்க, தண்ணீர் தெளித்து எடுக்கிற கடைகள் எங்கள் ஊரில் இருந்தன. சார் கையில் வாங்கிக் கையில் கொடுத்தார். வகுப்பிலும் எல்லோரையும் கலந்தே உட்கார வைத்தார். ஆனால் கடைக்குப் பின்னால் இருந்த அவர் வீட்டுக்குள், நான் பார்க்க, எல்லோரும் போய்விடவில்லை. கடை நடை வரைக்கும் வந்த துணிச்சல் வீட்டு நடை வரைக்கும் வரவில்லை.

இப்போது விழா பேச்சு நடக்கிறது. அடுத்த மாதம் படத்திறப்பு. சாருடைய பழைய பற்று நோட்டுகள் ஒரு டிரங்குப் பெட்டி நிறைய மகன் வீட்டில் கிடைத்திருக்கின்றன. பாதிப் பக்கங்களில் வரவே இல்லையாம், குறுக்கே கோடு மட்டும்தான். அவர் தாராளத்துக்குச் சாட்சியாக அதை மேடையில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைக்கலாம், சில பக்கங்களைப் பெரிதாக அச்சிடலாம் என்று குழுவில் யோசனை வந்து நிறைய பேர் கைதட்டியிருக்கிறார்கள்.

வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். அந்தப் பக்கங்களில் இருப்பது நம் அம்மாமார் பேர். அரை உழக்கு எண்ணெய்க்கு எந்த அம்மா எந்தத் தேதியில் நின்றாள் என்பது அதில் இருக்கிறது. அந்தப் பிள்ளைகளில் சிலர் இன்றைக்குச் சம்பந்தி வீட்டாரோடு விழாவுக்கு வருவார்கள். வகுப்பில் வாய் திறக்காத மனுஷனின் நோட்டை மைக் வைத்துத் திறக்காதீர்கள். மகனிடம் நேற்று போனில் பேசினேன். பெட்டியைக் கொடுக்கப் போவதில்லை என்று சொல்லியிருக்கிறார். விழாக் குழுவில் இருப்பவர்கள் இதற்கு மேல் அவரை வற்புறுத்த வேண்டாம்.