இரவல் எண்

நம் பத்திரிகைக்கு வரும் கட்டுரைகளில், முக்கியமாகக் கழிமுகங்களின் சேற்றையும் வண்டலையும் ஆராய்ந்து எழுதப்படும் கட்டுரைகளில், சில காலமாக ஓர் எண் அடிக்கடி தலைகாட்டி வருகிறது. இந்தச் சேற்றிலுள்ள பாதரசம் பத்து லட்சத்தில் 25 பங்கை எட்டவில்லை. ஜப்பானியர் தங்கள் மினமாட்டாக் குடாவில் தூர்வாரி அகற்றத்தக்கதென்று நிர்ணயித்த அளவு அதுவே. ஆகவே நம் கழிமுகத்தைப் பற்றிக் கவலைப்பட ஏதுமில்லை என்று ஆசிரியர் மன நிம்மதியோடு கட்டுரையை முடித்துக்கொள்கிறார். பரிசோதனையைச் சிரத்தையோடு செய்தவர்களே கடைசிப் பக்கத்தில் இப்படி ஓர் இரவல் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே கிளம்புவதைப் பார்க்கும்போது, அந்தச் சட்டை யாருடைய உடம்புக்கு அளவெடுத்துத் தைக்கப்பட்டது என்பதைச் சற்று விரிவாகச் சொல்லத்தான் வேண்டும் என்று தோன்றுகிறது.

மினமாட்டாவின் கதை நம் துறையினருக்குப் புதிதன்று. சிஸ்ஸோ நிறுவனத்தார் 1932 முதல் 1968 வரையில் அசெட்டால்டிஹைடு தயாரித்தனர். பாதரச உப்பைக் கிரியா ஊக்கியாகக் கொண்ட அந்தத் தயாரிப்பில் உபவிளைவாக மெத்தில் பாதரசம் உண்டாகி, ஹியாக்கென் வாய்க்கால் வழியே குடாவிற்குள் சென்றது. 1956 மே முதல் தேதி மினமாட்டா வியாதி அதிகாரபூர்வமாக அறியப்பட்டது. 1958 செப்டம்பரில் கழிவுநீர் ஆற்று முகத்துவாரத்தின் பக்கம் திருப்பிவிடப்பட, அதுவரை குடாவிற்குள் அடங்கிக் கிடந்த நோய் ஷிரானுயிக் கடற்கரையெங்கும் புதிய நோயாளிகளைக் காட்டத் தொடங்கியது. விஷத்தை நீர்க்கச் செய்தால் விஷம் தீரும் என்ற நம்பிக்கைக்கு இதைவிடக் கொடிய பரிசோதனை ஒன்றைக் கற்பனை செய்வது கடினம். 1959-இல் குமமோட்டோப் பல்கலைக்கழகத்தார் அந்த வாய்க்காலின் வாயருகே அள்ளிய சேற்றில் பாதரசம் பத்து லட்சத்தில் 2,000 பங்குக்கும் மேலாக இருந்தது. வாயிலிருந்து விலக விலக அது குறைந்துகொண்டே சென்றது. குற்றவாளி நடந்து சென்ற அடிச்சுவட்டைப் போல அந்த இறங்குமுகம் காட்டிய செய்தியை அரசாங்கம் ஒப்புக்கொள்ள இன்னும் ஒன்பது வருஷங்கள் ஆயின.

25 என்ற எண் இவற்றுக்கெல்லாம் பின்னால் வந்தது. சேற்றை அகற்றுவதற்கான தற்காலிக நியமத்தை ஜப்பான் அரசாங்கம் 1975-இல் வகுத்தபோது, ஆறுகளுக்கும் ஏரிகளுக்கும் 25 என்று ஒரே அளவாக வைத்தார்களே ஒழிய, கடலுக்கு எண் எதையும் வைக்கவில்லை. ஒரு சூத்திரத்தை வைத்தார்கள். ஓதத்தின் ஆதிக்கம் மிகுந்த முகத்துவாரங்களும் கடலின் கணக்கிலேயே சேரும் என்றும் விதித்தார்கள். அவ்விடத்து ஓதம் ஏறி இறங்கும் சராசரி உயரத்தை, சேற்றிலிருந்து பாதரசம் நீரில் கரைந்து வெளிப்படும் விகிதத்தால் வகுத்து, 0.18 என்னும் மாறிலியால் பெருக்கி, வந்ததைப் பாதுகாப்பு எண் ஒன்றால் மறுபடியும் வகுக்க வேண்டும். அந்தப் பாதுகாப்பு எண்ணிலேதான் சூத்திரத்தின் மனசாட்சி குடிகொண்டிருக்கிறது: மீன்பிடிப்பே இல்லாத நீருக்கு அது 10, மீன்பிடிப்பு நடந்து, பிடிபடுவதில் சேற்றை ஒட்டிய உயிர்களைத் தின்று வாழும் இறால், நண்டு, மடவை, நத்தை போன்றவை ஏறத்தாழப் பாதிக்கு மேற்படாத நீருக்கு 50, பாதியைத் தாண்டினால் 100. ரசாயனக் கணக்கொன்றின் நடுவே மீனவனுடைய வலையை அவிழ்த்துக் கொட்டி, அதில் என்ன இருக்கிறதென்று எண்ணிப் பார்த்த பிறகே விடையைச் சொல் என்று கட்டளையிடுகிற நியமம் வேறொன்றை நாம் அறியோம்.

இந்தச் சூத்திரத்தில் மினமாட்டாவின் ஓதத்தையும் மினமாட்டாச் சேற்றின் கரைவையும் இட்டபோது கிடைத்ததுதான் 25. ஷிரானுயிக் கடல் தீவுகளால் சூழப்பட்ட உள்கடல். அமாவாசை, பௌர்ணமி நாட்களில் அங்கே நீர்மட்டம் மூன்று மீட்டருக்கு மேலும் ஏறி இறங்கும். சென்னைக் கரையிலோ அதே நாட்களில் ஏறக்குறைய ஒரு மீட்டர். பாக் நீரிணைப் பக்கம் போனால் அதுவும் இல்லை. ஓதம் குறைந்தால் நீர் மாற்றம் குறையும். சூத்திரத்தின்படி அனுமதிக்கத்தக்க அளவும் அதே விகிதத்தில் குறையும். மற்றவையெல்லாம் சமமென்று வைத்துக்கொண்டாலும், அங்கே 25 என்றால் இங்கே அதில் மூன்றில் ஒரு பங்கோ அதனினும் குறைவோதான் வரும். மற்றவையும் சமமல்ல. எண்ணூர், பழவேற்காடு முகத்துவாரங்களில் இடுப்பளவு நீரில் குனிந்து நின்று சேற்றைக் கைகளால் தடவி இறால் பிடிக்கிற குடும்பங்களின் பறியைப் பார்த்தவர்கள், பாதுகாப்பு எண்ணை 50 என்று போடலாமா 100 என்று போடலாமா என்பதைப் பற்றி வெகுநேரம் யோசிக்கமாட்டார்கள். இரவல் வாங்கியவர்கள் சூத்திரத்தை வாங்காமல் விடையை மட்டும் வாங்கிவந்துவிட்டார்கள் என்பதே நம் முறையீடு.

இன்னொரு முறையீடும் உண்டு. அது நம் சொந்தத் தராசைப் பற்றியது. சேற்றை ஈரத்தோடு நிறுத்தார்களா, உலர்த்தி நிறுத்தார்களா என்று சொல்லாத கட்டுரைகள் இன்றும் வருகின்றன. நூற்றுக்கு அறுபது பங்கு நீராக உள்ள கழிமுகச் சேற்றில், உலர் எடைக்கு 25 என்பது ஈர எடைக்கு 10 ஆகிவிடும். அதே மண், அதே பாதரசம், அதே நாள். உலர்த்துவதிலும் கண்ணி இருக்கிறது. இதை எழுதுகிறவன் இளைஞனாக ஓர் ஆய்வுக்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்த புதிதில், நீரின் அளவைக் காண்பதற்கென்று 105 பாகை வெப்பத்தில் இரவெல்லாம் அடுப்பில் வைத்திருந்த சேற்றையே மறுநாள் காலையில் பாதரசத்துக்கும் கரைத்துப் பார்த்து, வந்த எண்ணைப் பெருமையோடு பேரேட்டில் எழுதினான். மேலதிகாரி அதை வாசித்துவிட்டு, கோபிக்காமல், அடுப்பின் கதவைத் திறந்து காட்டி, "மீதியை இங்கே தேடு" என்றார். பாதரசத்தின் ஒரு பகுதி அந்த வெப்பத்தில் ஆவியாகிப் போய்விடும் என்பதும், அதற்கென்று வைக்கும் மாதிரியை உறையவைத்து உலர்த்தவோ, மிதமான சூட்டில் பொறுமையாகக் காயவைக்கவோ வேண்டும் என்பதும் பாடப்புத்தகத்தில் இருந்தவைதாம்; ஆனால் அந்த அடுப்பின் வெறும் வயிற்றைப் பார்த்த பிறகுதான் புத்தியில் ஏறின.

மாதிரி எடுக்கும் கருவியும் பேச வேண்டிய விஷயமே. வாய் கவ்வும் இரும்புக் கரண்டி மேலே வருகிற வழியில், மிக நுண்ணிய மேற்படிவம் நீரோடு ஒழுகிவிடுகிறது. பாதரசம் அதிகமாகப் பற்றியிருப்பதோ அந்த நுண்ணிய துகள்களைத்தான். குழாயைச் செங்குத்தாக இறக்கி எடுக்கும் மாதிரியில் அடுக்குகள் கலையாமல் கிடைப்பதால், எந்தத் தலைமுறை எவ்வளவு கொட்டியது என்பதைக்கூட ஈயம்-210, சீசியம்-137 ஆகியவற்றின் துணையோடு வாசித்துவிடலாம். கூடுதல் செலவுதான். ஆயினும் மணல் மிகுந்த ஓரிடத்து எண்ணையும் களி மிகுந்த வேறோரிடத்து எண்ணையும் சலிக்காமல் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தி, ஒன்று சுத்தம், மற்றொன்று அசுத்தம் என்று தீர்ப்புச் சொல்வதற்குச் செலவே இல்லை. அதனால்தான் அது இவ்வளவு பரவியிருக்கிறதோ என்னவோ.

மொத்தப் பாதரசம் என்ற ஒற்றை எண், அதன் உருவத்தை மறைத்துவிடுகிறது. மினமாட்டாவில் ஆலையே மெத்தில் உருவத்தில் அதை வெளியேற்றியது. 1959 டிசம்பரில் பெரும் ஆரவாரத்தோடு திறக்கப்பட்ட கழிவுநீர்ச் சுத்திகரிப்பு யந்திரம், கரைந்த அந்த உருவத்தை நீக்குவதற்கென்று அமைக்கப்பட்டதே அன்று. சேற்றிலுள்ள நுண்ணுயிர்களே கனிமப் பாதரசத்தை மெத்தில் உருவமாக மாற்றவல்லவை என்பது 1969-இல் ஸ்வீடன் நாட்டு ஆராய்ச்சியால் வெளிப்பட்டது. நம் கோடைக்கானலிலோ, 2001-இல் மூடப்பட்ட வெப்பமானித் தொழிற்சாலையின் வளாகத்தில், பாம்பாற்றுச் சோலையின் விளிம்பில், மண்ணில் சிந்தியது உலோகப் பாதரசம்; காற்றில் ஆவியாகிச் செல்வது அதன் இயல்பு. கழிவின் ஒரு பகுதி, ஏறத்தாழ 290 டன், 2003-இல் அமெரிக்காவுக்குத் திருப்பி அனுப்பப்பட்டது. மண்ணுக்கு ஒரு கிலோவில் 20 மில்லிகிராம் என்று வைத்த அளவைப் பற்றிய வாதமோ வருஷக்கணக்கில் நீண்டது. அந்த 20-ஐயும் மினமாட்டாவின் 25-ஐயும் ஒரே அட்டவணையில் போட்டு, நம் அளவே கண்டிப்பானது என்று மகிழ்கிறவர்கள் உண்டு. ஒன்று மலைக்காட்டு மண், மற்றொன்று உப்புநீர்ச் சேறு என்பதை அட்டவணை சொல்லுவதில்லை.

பரிகாரத்தைப் பற்றி மினமாட்டாவிலிருந்து கற்கவேண்டியது ஏராளம். அதையும் முடிவை மட்டும் பார்த்துக் கற்க முடியாது. குடாவைத் தூர்வாரும் வேலை 1977-இல் தொடங்கிய சில மாதங்களுக்குள், கிளறினால் விஷம் மறுபடியும் கடலெங்கும் பரவும் என்று அஞ்சிய கரைவாசிகள் நீதிமன்றத்தை நாட, 1980 வரையில் அது நின்று கிடந்தது. பின்னர் வெட்டுப் பற்கள் இல்லாத உறிஞ்சு தூர்வாரிகளைக் கொண்டு, சேறு கலங்காதவாறு மெல்ல உறிஞ்சி, எஃகுத் தகட்டுச் சுவரால் அடைத்த உட்குடாவில் அதை நிரப்பி, மேலே செயற்கை நார் விரிப்பையும் எரிமலைச் சாம்பல் மண்ணையும் பரப்பி மூடினார்கள். 1990-இல் முடிந்த அந்த வேலையில் சம்பந்தப்பட்ட சேறு ஏறக்குறைய 15 லட்சம் கன மீட்டர். புதிதாகத் தோன்றிய நிலம் 58 ஹெக்டேர். செலவு சுமார் 4,850 கோடி யென். குடாவின் மீன்கள் வெளியேறாமலிருக்க 1974-இல் கட்டிய வலை 1997-இல்தான் அவிழ்க்கப்பட்டது. அந்த வலையிலும் கப்பல்கள் போக ஓர் இடைவெளி விட்டிருந்தார்கள் என்பதை, வேலி போட்டாயிற்று என்று அறிக்கை எழுதுகிறவர்கள் ஞாபகத்தில் வைத்துக்கொள்வது நல்லது. பாதரசம் எங்கும் போய்விடவில்லை. இன்று பூங்காவாக இருக்கிற நிலத்தின் அடியில், எஃகுச் சுவருக்குப் பின்னால் இருக்கிறது. எஃகு உப்புநீரில் அரிக்கும். ஆகவே அந்தச் சுவரின் கனத்தை அளப்பதும் இனி வண்டல் ஆராய்ச்சியில் ஒரு பகுதியே.

அடுத்த இதழ் முதல், வண்டலையும் மண்ணையும் பற்றி வரும் கட்டுரைகளில், எடை ஈரமா உலர்ந்ததா, எத்தனை பாகையில் உலர்த்தியது, எந்தச் சல்லடையில் சலித்தது, எத்தனை ஆழத்திலிருந்து எடுத்தது, எடுத்த வேளையில் ஓதம் ஏறிக்கொண்டிருந்ததா இறங்கிக்கொண்டிருந்ததா, பாதரசமாயின் எந்த உருவம் என்ற விவரங்கள் இல்லாதவற்றை நாங்கள் ஏற்பதற்கில்லை. பிறநாட்டு நியமத்தோடு ஒப்பிட விரும்புகிறவர்கள் அது பிறந்த கணக்கையும் உடன் தந்து, அதில் தங்கள் கரையின் ஓதத்தையும் தங்கள் மீனவர்களின் பிடிப்பையும் இட்டுக் காட்ட வேண்டும். இந்த விதியை முன்னிட்டு ஒரு கட்டுரையை ஏற்கெனவே திருப்பி அனுப்பியிருக்கிறோம். அதன் ஆசிரியர் வருத்தப்படவில்லை. மாதிரிகள் இன்னும் குளிர்பெட்டியில் உறைந்தபடியே இருக்கின்றன என்றும், அவற்றை மறுபடியும் நிறுத்து, மீன் ஏலத்துறைக்கும் இரண்டு மாதம் போய் வந்து, அதன் பின்னர் எழுதுவதாகவும் பதில் போட்டிருக்கிறார்.