யூரியாவை இரண்டு முறை போட்ட அப்பா

கேள்வி: எங்களுக்கு உத்திரமேரூர் பக்கம் ஏரிப் பாசனத்தில் ஒரு ஏக்கர் நெல். நவரைப் பட்டம், கோ 51 ரகம். நடவு முடிந்து 22-ம் நாள் அப்பா 30 கிலோ யூரியா தூவினார். நான்கு நாள் கழித்து மறுபடியும் 30 கிலோ தூவிவிட்டார். கைரேகை வைத்து உரம் வாங்கிய ரசீது இரண்டும் பரண் பெட்டியில் இருக்கிறது. அப்பாவோ ஒரு தடவைதான் போட்டேன் என்கிறார். பயிர் கரும்பச்சையாக நிற்கிறது, என்ன செய்வது? அப்பாவுக்கு 71 வயது. ஆறு மாதமாகவே சின்னச் சின்ன மறதி இருந்தது. வேலையாட்கள் முன்னால் சத்தம் போட்டுவிட்டேன். அன்றிலிருந்து வயலுக்கு வராமல் திண்ணையிலேயே உட்கார்ந்திருக்கிறார். ஒரகடத்தில் கம்பெனி வேலை பார்க்கும் தம்பி, அப்பாவைத் தன்னோடு கூட்டிப்போவதாகவும், அதற்குமுன் நிலத்தை எழுதி வாங்கிவிடலாம் என்றும் சொல்கிறான். இனி அப்பாவை வயலுக்கு விடலாமா?

பதில்: பயிரை முதலில் பார்த்துவிடலாம். அது எளிது.

குறுகிய கால நெல்லுக்கு ஒரு தவணைக்கு ஏக்கருக்கு 30 கிலோ யூரியா என்பது பரிந்துரையை ஒட்டிய அளவுதான். பெரியவர் முதல் தடவை போட்டது நாளும் சரி, அளவும் சரி. இரண்டாவது தடவை போட்டதை, கதிர் உருவாகும் பருவத்துக்கு வைத்திருந்த தவணை முன்கூட்டியே செலவாகிவிட்டதாக எடுத்துக்கொள்ளலாம். இனி தழைச்சத்தை நிறுத்திவைக்க வேண்டும். நின்ற நீரை வடித்து, மண்ணில் மயிரிழை வெடிப்பு காணும்வரை காயவிட்டுப் பிறகு தண்ணீர் கட்டினால் பயிரின் துள்ளல் அடங்கும். பொட்டாஷ் தவணையைத் தவறவிடக் கூடாது. கரும்பச்சை வயலைத் தேடி வருபவை இலைச்சுருட்டுப் புழுவும் புகையானும். பனி விழும் நாட்களில் குலைநோயும் சேரும். தூரின் அடியைக் கையால் விலக்கி இரண்டு நாளுக்கு ஒருமுறை பார்க்க வேண்டும். பூச்சி கண்ணில் பட்டதும் கடைக்காரர் தரும் பைரித்ராய்டு மருந்தை அடித்துவிடுவது பலரின் வழக்கம். அது புகையானைப் பெருக்கிவிடும், வேண்டாம். தப்பிய பயிர் இது, விளைச்சலுக்குப் பெரிய மோசம் வராது.

கடிதத்தின் மற்ற பாதிதான் கடினம்.

மூக்குக் கண்ணாடியை எங்கே வைத்தோம் என்று தேடுவது, பேரனைக் கூப்பிட மகன் பெயரைச் சொல்லிவிடுவது, இவை வயதானால் எல்லோருக்கும் வரும். தேடினால் கிடைக்கும், யோசித்தால் நினைவு வரும். செய்த வேலையே செய்யாததுபோல் மனத்திலிருந்து அழிந்துபோவதும், ரசீதைக் காட்டினாலும் நினைவு வராததும் வேறு வகை. ஒரே கேள்வியை அரை மணியில் மூன்று முறை கேட்பது, பழகிய வரப்பில் திசை தடுமாறுவது, கூலி எண்ணிக் கொடுக்கும்போது குழம்புவது ஆகியவையும் அந்த வகைதான். இப்படி இருந்தால் மருத்துவரிடம் காட்ட வேண்டும். வயசாயிடுச்சு என்று விடக் கூடாது. 2023-ல் வெளியான தேசிய அளவிலான ஆய்வு ஒன்று, இந்தியாவில் 60 வயதைக் கடந்தவர்களில் 7.4 சதவீதம் பேருக்கு, அதாவது சுமார் 88 லட்சம் பேருக்கு, மறதி நோய் இருப்பதாகக் கணக்கிட்டது. நகரத்தைவிடக் கிராமத்தில் அதிகம் என்றும் சொன்னது. எனவே இது ஒரு வீட்டுக்கு மட்டும் வந்த கேவலம் என்று ஒளித்துவைக்க ஒன்றுமில்லை.

மருத்துவரிடம் போவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. எல்லா மறதியும் மறதி நோய் ஆகாது. வைட்டமின் பி12 குறைவு, தைராய்டு கோளாறு, மனச்சோர்வு, குடிப்பழக்கம், தூக்க மாத்திரை, சர்க்கரை மிகவும் இறங்குவது, எப்போதோ வழுக்கி விழுந்து தலையில் அடிபட்டு உள்ளே மெல்லக் கசிந்த ரத்தம், இவற்றாலும் நினைவு மங்கும். கண்டுபிடித்தால் இவற்றில் பெரும்பாலானவற்றைச் சரிசெய்ய முடியும். காது மந்தமாகி, சொன்னதே கேட்காமல் போனதை மறதி என்று வீட்டார் நினைப்பதும் நடக்கிறது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் தொடங்கி உத்திரமேரூர் அரசு மருத்துவமனை, தேவைப்பட்டால் காஞ்சிபுரம் மாவட்டத் தலைமை மருத்துவமனை என்று போகலாம். போகும்போது பெரியவர் சாப்பிடும் எல்லா மாத்திரைகளையும், மெடிக்கலில் தானாக வாங்கியவை உட்பட, ஒரு பையில் போட்டு எடுத்துப்போக வேண்டும். எந்த மாதம் என்ன மறந்தார் என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்தால் மருத்துவருக்குப் பாதி வேலை முடிந்தது. மறதி நோய்தான் என்று உறுதியானால் அதை அடியோடு போக்கும் மருந்து இல்லை. சிலருக்குச் சில காலம் உதவும் மாத்திரைகள் உண்டு. ரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் கட்டுக்குள் வைப்பது மூளைக்கும் நல்லது. வீடு தேடி வரும் மக்களைத் தேடி மருத்துவம் ஊழியரிடமும் மறதியைப் பற்றிச் சொல்லிவைக்கலாம்.

இனி, வயலுக்கு விடலாமா என்ற கேள்வி. விட வேண்டும். ஆனால் சில வேலைகளை மட்டும் அவர் கையிலிருந்து எடுத்துவிட்டு விட வேண்டும்.

மறதி தொடங்கும் காலத்தில் முதலில் போவது புது நினைவு. காலையில் என்ன சாப்பிட்டோம், நேற்று யார் வந்தார்கள் என்பவை நிற்காது. ஐம்பது வருடம் கை பழகிய வேலை அப்படிச் சீக்கிரம் போகாது. நாற்றுப் பிடியின் அளவு, மடை திருப்பும் பக்குவம், மாட்டின் மடியைத் தொட்டதும் தெரியும் சூடு, இவை கையிலேயே இருக்கும். நேற்று உரம் போட்டதை மறந்தவர், தூரத்தில் நின்றே எந்தப் பாத்தியில் தண்ணீர் ஏறவில்லை என்று சொல்லிவிடுவார். அவரைத் திண்ணையில் உட்காரவைத்தால் மிச்சம் இருக்கும் அந்தத் திறமையும் பழக்கம் விட்டுப்போகும். உடல் தளரும், பகல் தூக்கம் வரும், இரவுத் தூக்கம் கெடும், மனம் சோரும். சோர்வு மறதியை இன்னும் கூட்டும். திண்ணை பாதுகாப்பான இடம் என்று பிள்ளைகள் நினைப்பது பாசத்தால்தான். கணக்குப் பார்த்தால் அது நஷ்டம்.

எடுத்துக்கொள்ள வேண்டியவற்றில் முதலாவது பூச்சிமருந்து. அளவு மறந்தாலும், கைகழுவ மறந்தாலும், புட்டி மாறினாலும் உயிருக்கே ஆபத்து. மருந்து தெளிக்கும் வேலை இனி மகனுடையது. புட்டிகள் பூட்டிய பெட்டியில் இருக்க வேண்டும், சாவி மகனிடம். குளிர்பான பாட்டிலில் மருந்தை ஊற்றிவைக்கும் கெட்ட பழக்கம் நம் ஊர்களில் இன்னும் போகவில்லை. இந்த வீட்டில் அது ஒரு நாளும் நடக்கக் கூடாது. அடுத்தது மோட்டார். விவசாய மின்சாரம் இலவசம் என்பதால், போட்டதை மறந்தாலும் கரண்ட் பில் வராது, ஆனால் கிணறு வற்றி மோட்டார் வெறுமனே ஓடிக் காயில் கருகும். தண்ணீர் இல்லாவிட்டால் தானே நிற்கும் ரிலேவை ஸ்டார்ட்டரோடு சேர்த்து மாட்டிவிட்டால் அந்தக் கவலை தீரும். கைப்பிடிச் சுவர் இல்லாத கிணறாக இருந்தால் அதைக் கட்டும்வரை தனியாக அந்தப் பக்கம் அனுப்பக் கூடாது. இருட்டிய பிறகு தண்ணீர் கட்டப் போவதும் வேண்டாம்.

சர்க்கரை மாத்திரையும் யூரியா மாதிரிதான். இரண்டாவது தடவை போட்டால் ஆபத்து, யூரியாவைவிடப் பல மடங்கு. சர்க்கரை திடீரென இறங்கி வரப்பிலேயே மயங்கி விழுந்தவர்கள் உண்டு. வாரத்தின் ஏழு நாளுக்கும் அறை பிரித்த மாத்திரைப் பெட்டி மருந்துக் கடைகளில் கிடைக்கிறது. ஞாயிற்றுக்கிழமை மகனோ மருமகளோ நிரப்பிவைத்தால், அறை காலியா இல்லையா என்று பெரியவரே பார்த்துக்கொள்வார்.

மற்றதெல்லாம் அவரிடமே இருக்கட்டும். மாடு, மடை, நாற்றங்கால், களை, காவல் என்று எல்லாமே. போகும் நேரமும் வழியும் தினமும் ஒன்றாக இருந்தால் நல்லது. டீக்கடைக்காரர், பக்கத்து வயல்காரர், உரக்கடைக்காரர் மூவரிடமும் விஷயத்தை அமைதியாகச் சொல்லிவைக்க வேண்டும். உரக்கடையில் அவர் கைரேகை வைக்கும்போது மகனுக்கு ஒரு போன் வந்தால் இரண்டாவது மூட்டை வீட்டுக்கு வராது. சட்டைப் பையில் பெயர், ஊர், போன் நம்பர் எழுதிய அட்டை இருக்கட்டும். மாட்டுக் கொட்டகைச் சுவரில் ஒரு கரும்பலகை மாட்டி, நடவு தேதி, உரம் போட்ட தேதி, அளவு ஆகியவற்றைப் பெரியவரே தன் கையால் எழுதினால், நாளைக்குச் சண்டை வந்தாலும் பலகைதான் சாட்சி. அப்பாவும் மகனும் முகம் பார்த்துக் கத்த வேண்டியதில்லை.

கத்தியதைப் பற்றியும் ஒரு வார்த்தை. அவர் பொய் சொல்லவில்லை. ஒரு தடவைதான் போட்டேன் என்பது அவருக்கு உண்மை. வேலையாட்கள் முன்னால் அது பொய்யாக்கப்பட்டதுதான் அவரைத் திண்ணையில் உட்காரவைத்தது. "ஞாபகம் இருக்கா, இல்லையா?" என்று பரீட்சை வைப்பதை வீட்டில் எல்லோரும் விட வேண்டும். மன்னிப்புக் கேட்பது நம் வீடுகளில் வழக்கமில்லைதான். "மேல மடையில தண்ணி ஏறல, என்னன்னு தெரியலப்பா, வந்து பாருங்க" என்று மகன் கூப்பிட்டால் போதும், அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொள்வார்.

உத்திரமேரூர்க்காரர்களுக்கு இதில் பெரிய முன்னோடியே இருக்கிறது. பராந்தக சோழன் காலத்தில் அங்கே வெட்டிவைத்த குடவோலைக் கல்வெட்டுகளை ஊரே பெருமையாகச் சொல்லும். 919-ம் ஆண்டுக் கல்வெட்டு, வாரியங்களுக்குத் தேர்ந்தெடுக்கப்படுபவரின் வயதை 30-லிருந்து 60 வரை என்று வைத்தது. 921-ல் திருத்தி 35-லிருந்து 70 ஆக்கினார்கள். அந்த வாரியங்களில் ஒன்று ஏரி வாரியம். 70 வயதுவரை ஏரிப் பொறுப்பைப் பார்க்கலாம் என்று ஏற்றுக்கொண்ட ஊரில், 71 வயதுக்காரர் மடை பார்க்கக் கூடாதா?

ஒரகடம் போவது பற்றி அவசரப்பட வேண்டாம். பழகிய வீட்டில் இருட்டிலும் கழிப்பறைக்கு வழி தெரியும் ஒருவருக்கு, புது வீட்டில் பகலிலேயே கதவு புரியாது. மறதி உள்ளவர்கள் இடம் மாறினால் குழப்பம் கூடுவது சாதாரணமாக நடப்பது. தம்பிக்கு உதவ மனமிருந்தால், ஞாயிறுதோறும் ஊருக்கு வந்து மாத்திரைப் பெட்டியை நிரப்பட்டும், மருத்துவமனைக்கு அவர் கூட்டிப்போகட்டும். தனியாக விடவே முடியாத நிலை பின்னால் வந்தால் அப்போது பேசலாம்.

நிலம் விஷயத்தில் இன்னும் கவனம் தேவை. ஆரம்ப மறதி இருக்கிறது என்பதாலேயே ஒருவர் கையெழுத்துப் போடும் தகுதியை இழப்பதில்லை. தெளிவாக இருக்கும் இந்தக் காலத்தில்தான் நிலம் யாருக்கு, எப்படி என்று அவர் விருப்பத்தைக் கேட்க வேண்டும். கேட்பது வேறு, எழுதி வாங்குவது வேறு. உயில் எழுதிப் பதிவுசெய்தால் அவர் இருக்கும்வரை நிலம் அவருடையது. செட்டில்மென்ட் பத்திரம் போட்டால் அன்றே கைமாறிவிடும். அப்படித்தான் வேண்டும் என்று அவரே சொன்னால், கடைசிவரை பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையைப் பத்திரத்திலேயே எழுதுவது நல்லது. அதை மீறினால், 2007-ம் ஆண்டு பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தின் 23-ம் பிரிவின்படி கோட்டாட்சியர் தலைமையிலான தீர்ப்பாயத்தில் பத்திரத்தை ரத்துசெய்யக் கேட்கலாம். பவர் பத்திரத்தை நம்பி இருந்துவிடக் கூடாது. எழுதிக்கொடுத்தவர் சுயநினைவோடு முடிவெடுக்கும் நிலையை இழந்தால் பவரும் செல்லாது. பி.எம். கிசான் பணம் 2,000 ரூபாய் அவர் கணக்கில்தான் வரும். ஏ.டி.எம். அட்டையின் ரகசிய எண்ணைப் போனில் யாரிடமும் சொல்லக் கூடாது என்பதைத் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டும். அந்தக் கணக்கை மகனோடு கூட்டுக் கணக்காக மாற்ற முடியுமா என்று வங்கியில் கேட்கலாம். முதியோர் உதவிக்கு 14567, மனநல ஆலோசனைக்கு 14416, இரண்டுமே கட்டணமில்லா எண்கள். கவனித்துக்கொள்பவர் களைத்துப்போனாலும் பேசலாம்.

மறுபடியும் பயிருக்கு. அடுத்த உரம் எப்போது என்பதை நாள் எண்ணி முடிவுசெய்ய வேண்டாம், இலை வண்ண அட்டை பார்த்துச் செய்யலாம். வேளாண்மை விரிவாக்க மையத்தில் கேட்டால் வழி சொல்வார்கள். வாரம் ஒருமுறை, வெயில் நேராக அட்டையில் விழாதபடி உடம்பால் நிழல் கொடுத்து, பத்துக் குத்துகளில் நன்கு விரிந்த மேல் இலையை அட்டையோடு ஒப்பிட வேண்டும். பத்தில் ஆறு இலை நான்காம் எண் நிறத்துக்குக் கீழே வெளிறியிருந்தால்தான் யூரியா. வெள்ளைப் பொன்னி போன்ற ரகங்களுக்கு மூன்றாம் எண். கடைசியாக உரம் போட்டது எப்போது என்று யாருக்கும் நினைவிருக்க வேண்டிய அவசியமே இந்த முறையில் இல்லை. வரும் வாரம் அட்டையோடு இறங்கும்போது அப்பாவையும் கூப்பிட வேண்டும். எந்தப் பத்துக் குத்து என்று அவர் காட்டட்டும், எண்ணை மகன் சொல்லட்டும், பலகையில் அவர் எழுதட்டும்.