மண் வீடு என்றால் மட்டமா?

"வீட்டைக் கட்டிப் பார், கல்யாணம் பண்ணிப் பார்" என்று பெரியவர்கள் சொல்வார்கள். கல்யாணத்தைப் பற்றிப் பேச எங்களுக்கு வயது போதாது. வீட்டைப் பற்றிப் பேசலாம் அல்லவா? பத்தாம் வகுப்பு மாணவிகளாகிய நாங்கள் தாம்பரம், சேலையூர், முடிச்சூர் பகுதிகளிலிருந்து வருகிறவர்கள். பழைய ஓட்டு வீடுகள் ஒவ்வொன்றாக இடிபடுவதையும், அந்த இடத்தில் கம்பி நீட்டிக்கொண்டு கான்கிரீட் தூண்கள் எழும்புவதையும் பார்த்தே வளர்ந்தோம்.

சென்ற ஆண்டு முட்டுக்காட்டில் உள்ள தக்ஷிணசித்ராவுக்குச் சுற்றுலா சென்றோம். தென்னிந்தியாவின் பல ஊர்களில் இருந்த பழைய வீடுகளைப் பிரித்துக் கொண்டுவந்து, மறுபடி எழுப்பி வைத்திருக்கும் இடம் அது. 1996இல் திறக்கப்பட்டது. வெளியே வெயில் கொளுத்தியது; திண்ணையைத் தாண்டி உள்ளே கால் வைத்ததும் பானைத் தண்ணீரைத் தொட்டதுபோல் குளிர்ந்தது. "இப்படி ஒரு வீட்டில் இருக்க வேண்டும்!" என்று ஆளுக்கு ஆள் ஆசைப்பட்டோம். திரும்பும்போது பேருந்தில் எங்கள் தோழி ஒருத்தி மட்டும் பேசாமல் வந்தாள். கேட்டதற்கு, "நீங்கல்லாம் டிக்கெட் வாங்கிப் பாத்தீங்க. ஐப்பசி மழையில எங்க வீட்டுல ஒரு ராத்திரி படுத்துப் பாருங்கடி. அப்புறம் மண் சுவரைப் பத்திப் பேசலாம்" என்றாள். அவள் வீடு மண் சுவரும் தென்னங்கீற்றும்தான். எங்களுக்கு முகம் சுண்டிப் போயிற்று.

அவள் சொன்னது உண்மை. கீற்றை அடிக்கடி மாற்ற வேண்டும். ஒரு தீப்பொறி போதும். 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் பள்ளிக் கூரை தீப்பற்றி 94 குழந்தைகள் மாண்டதை எந்தப் பள்ளிக்கூடமும் மறக்கக் கூடாது. ஆகவே ஏழைகள் குடிசையிலேயே இருக்கட்டும் என்று நாங்கள் எழுதுவதாக யாரும் எண்ண வேண்டாம்.

ஆனால் அன்று அவளுக்குச் சொல்லத் தெரியாத பதில் ஒன்று இப்போது எங்களிடம் இருக்கிறது. கெட்டது மண் அல்ல, கட்டிய முறை. மண் சுவர் பெரும்பாலும் இரண்டு இடத்தில்தான் கெடுகிறது: அடியில் நீர் ஊறி, மேலே மழை அடித்து. கருங்கல் அஸ்திவாரத்தைத் தரைக்கு மேல் நன்றாக உயர்த்தி, இறவாரத்தை அகலமாக இறக்கிவிட்டால் சுவர் தலைமுறைகளுக்கு நிற்கும். தக்ஷிணசித்ராவில் நாங்கள் வியந்ததும் இதைத்தானே? புதுச்சேரியை அடுத்த ஆரோவில்லில் இன்னும் ஒரு படி மேலே போயிருக்கிறார்கள். மேல்மண்ணை ஒதுக்கி வைத்துவிட்டு, அடியில் உள்ள செம்மண்ணோடு நூற்றுக்கு ஐந்து பங்கு சிமென்ட் சேர்த்து, கை இயந்திரத்தில் அழுத்திக் கல் செய்கிறார்கள். சூளை இல்லை, விறகு இல்லை. ஈரம் காயாமல் சில வாரம் பதப்படுத்தினால் போதும். மண் எடுத்த பள்ளம் மழைநீர்க் குளமாகிறது.

கான்கிரீட்டையும் சற்றுப் பார்ப்போம். சித்திரை மாதம் பகலெல்லாம் வெயில் குடித்த தளம், இரவு பத்து மணிக்கு மேல் அதை அறைக்குள் இறக்குகிறது. மின்விசிறி அந்தச் சூட்டையே அள்ளி வீசுகிறது. (பரீட்சைக்குப் படிப்பவர்களைக் கேட்டால் தெரியும்!) சுண்ணாம்புக்கல்லைச் சுட்டுத்தான் சிமென்ட் செய்கிறார்கள், உலகில் மனிதர் வெளியிடும் கரியமில வாயுவில் ஏறத்தாழ 8 சதவீதம் இந்த ஒரு பொருளால் வருகிறது.

தக்ஷிணசித்ராவுக்கு வடிவம் கொடுத்தவர் லாரி பேக்கர். 1917இல் இங்கிலாந்தில் பிறந்து, தொழுநோயாளருக்குத் தொண்டு செய்ய இந்தியா வந்து, 2007இல் திருவனந்தபுரத்தில் மறைந்தவர். அங்கே லொயோலா சிற்றாலயத்தைக் கட்டியவரும் அவரே. செங்கல்லைக் குத்துக்கல்லாக நிறுத்தி, சுவருக்குள் வெற்றிடம் விட்டுக் கட்டுவது அவர் பரப்பிய முறை. செங்கல்லில் கால் பங்கு மிச்சம். உள்ளிருக்கும் காற்று வெயிலைத் தடுக்கும். பூந்துறையில் மீனவர்களுக்கும் அவர் வீடு கட்டினார். பணக்காரர் பொழுதுபோக்குக்கு மட்டுமல்ல இந்தக் கலை என்பதற்கு அதுவே சாட்சி.

ஒரு வீட்டுக்கு வேண்டிய பொருள் ஐந்து மைலுக்குள் கிடைக்க வேண்டும் என்ற காந்தியடிகளின் கருத்து பேக்கர் மனத்தில் பதிந்தது. தாம்பரத்தைச் சுற்றி ஐந்து மைலுக்குள் என்ன இருக்கிறது என்று நாங்கள் கணக்கிட்டுப் பார்த்தோம். திரிசூலம், பல்லாவரம் குன்றுகளில் வேண்டிய மட்டும் கல் வெட்டியாயிற்று. பள்ளங்களில் தண்ணீர் நிற்கிறது. இனி அதில் கை வைக்கலாகாது. ஏரிக்கரைப் பனைகளும் குறைந்துவிட்டன. செம்மண் இருக்கிறது. எல்லாவற்றையும்விட அதிகமாக இருப்பது, இடித்த வீடுகளின் சாமான்! நாட்டு ஓடு, தேக்கு உத்திரம், பழைய செங்கல், நிலைக்கதவு என்று சாலையோரக் கடைகளில் குவிந்து கிடக்கிறது. நேற்றைய வீடுகளே இன்றைய மலையும் காடும் என்று எங்களில் ஒருத்தி சொன்னாள்.

"வெள்ளம் வந்தால்?" என்று பெற்றோர்கள் கேட்பீர்கள். 2015 டிசம்பர் 2 காலை வரையிலான 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 செ.மீ. மழை பெய்தது. முடிச்சூரிலும் வரதராஜபுரத்திலும் அன்று தண்ணீருக்குள் நின்றவை கான்கிரீட் வீடுகளும்தான். தண்ணீர் போகும் வழியில் கட்டினால் எந்தச் சுவரும் காப்பாற்றாது. மேட்டு நிலத்தில், உயர்ந்த மேடை மேல் என்றால் அழுத்திய மண்கல்லுக்கு நாங்கள் பயப்பட மாட்டோம்.

எங்களுக்குப் பயம் வேறொன்றில். பெண் பார்க்க வருகிறவர்கள் முதலில் கேட்பதே "மாடி வீடா, ஓட்டு வீடா?" என்றுதான். ஓடு என்றால் குரல் இறங்கிவிடுகிறது. இதற்குப் பயந்து கடன் வாங்கித் தளம் போட்டு, வட்டி கட்டி முடியாத வீடுகள் எங்கள் வகுப்பிலேயே உண்டு. ஏழைக்கு மட்டமான மண்ணும் வசதியுள்ளவருக்குக் கலைநயமான மண்ணும் என்ற பேதம் போனால் ஒழிய, நாங்கள் எழுதும் இதுவும் வெறும் சுற்றுலாக் கட்டுரைதான்.

அந்தத் தோழியின் வீட்டில் இந்தக் கோடையில் கீற்றை எடுத்துவிடப் போகிறார்கள். சிமென்ட் ஷீட் போடலாம் என்றார் அவள் அப்பா. அவளோ, சுவரடியைக் கல்லால் உயர்த்தி, பழைய நாட்டு ஓடு வேய்ந்தால் எவ்வளவு ஆகும் என்று கணக்குப் போட்டுக் காட்டினாளாம். அம்மா அவள் பக்கம் சேர்ந்துவிட்டார். வருகிற சனிக்கிழமை ஓடு பார்க்கப் போகிறார்கள். எங்களில் இரண்டு பேர் கூடவே போகிறோம். நன்றாக வெந்த ஓட்டை விரலால் சுண்டினால் கணீரென்று கேட்குமாம்.