சர்க்கரைப் பூவும் ஒரு பாடமே!

கேக்கின் மேலிருக்கும் சர்க்கரைப் பூவை நிஜப் பூ என்று எண்ணி ஏமாந்ததுண்டா? அதைச் செய்வது வெறும் சமையல் வேலை என்று ஒதுக்குகிறோம். அது நல்ல அறிவியல் பயிற்சி என்பது என் கருத்து.

ஒற்றை அடுக்குச் செம்பருத்தியை எடுத்துக்கொள்வோம். தேர்வில் புத்தகப் படத்தை நினைவிலிருந்து வரைந்தாலே மதிப்பெண் கிடைத்துவிடும். சர்க்கரையில் செய்பவருக்கு அது போதாது. நிஜப் பூவைப் பிரித்துப் பார்த்தாக வேண்டும். ஐந்து இதழ்களில் ஒவ்வொன்றுக்கும் ஒரு விளிம்பு மேலேயும் மறு விளிம்பு அடியிலும் இருப்பதை அப்போது காண்பார். நாம் மனப்பாடம் செய்யும் ‘திருகு இதழமைவு’ இதுதான்!

மாதிரிப் பூ வகுப்பறைக்குப் புதிதல்ல. ஜெர்மனியின் பிளாஷ்கா குடும்பத்துத் தந்தையும் மகனும் 1887இல் தொடங்கி, ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தில் தாவரவியல் கற்பிப்பதற்காகக் கண்ணாடிப் பூக்கள் செய்தார்கள். தந்தை மறைந்த பிறகும் மகன் 1936 வரை அப்பணியைத் தொடர்ந்தார்.

இயற்பியலும் இதில் உண்டு. பொடித்த சர்க்கரை, முட்டை வெள்ளைக்கரு, சிறிது பிசின் சேர்த்துப் பிசைந்து, மெல்லிய இதழாகத் தேய்க்கிறார்கள். நீர் ஆவியானதும் இதழ் விறைக்கிறது. மழைக்காலத்திலோ காற்றின் ஈரத்தை உறிஞ்சித் துவள்கிறது. குளிர்சாதனப் பெட்டியில் வைக்கலாமா? வெளியே எடுத்ததும், குளிர்ந்த சோடா பாட்டிலின் மேல் படிவதுபோல இதழிலும் நீர்த்துளிகள் படியுமே!

மாணவர்களே, சர்க்கரை இல்லாவிட்டால் களிமண் போதும். ஒரு பூவைப் பிரித்துப் பாருங்கள், அதேபோல் செய்யுங்கள். பிறகு வரையும் படம் நீங்களே கண்டறிந்த பூவின் படமாக இருக்கும்.